காடிக் கரை வீட்டில் ஒன்பது வாரம்

1966 ஏப்ரல் நடுவில் ஒரு திங்கட்கிழமை. காலை ஐந்தேகால் மணிக்குப் போர்ட் பிளேரின் மரைன் ஹில்லிலிருந்து ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்கு நடந்து இறங்கினோம். எங்கள் டிரங்குப் பெட்டியைக் கூலிக்காரர் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் போனார். ஐந்து மாதக் கர்ப்பிணியான என் மனைவி புஷ்பம் பால்பவுடர் டின்னை இடுப்பில் அணைத்தபடி பின்னால் வந்தாள். நடுவில் நான். என் தோளில் எங்கள் மகன் சேவியர். வயது இரண்டு வருடம் ஒரு மாதம். தன்னை இறக்கி விடவில்லை என்ற கோபத்தில் என் இரண்டு காதுகளையும் முறுக்கிக்கொண்டே வந்தான்.

நான் வயர்லெஸ் ஆபரேட்டர். தூத்துக்குடிக்காரன். போர்ட் பிளேருக்கு வந்து அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. மத்திய அந்தமானில் ரங்கத் என்ற ஊரில் இருந்த ஆபரேட்டர் மெயின்லேண்டுக்கு லீவில் போனார். ஒன்பது வாரம் அவர் இடத்தில் வேலை பார்க்க என்னை அனுப்பினார்கள். மரைன் ஹில்லில் இருந்த உன் அக்காள் வீட்டிலேயே இருந்துகொள் என்று புஷ்பத்திடம் சொன்னேன்.

"இவன ஒத்தையில மேய்க்க என்னால முடியாது. நீங்க எங்க போறியளோ அங்க நாங்களும் வாறோம்" என்று சொல்லிவிட்டாள்.

அந்தக் கோடையில் சேவிக்கு ஒவ்வொன்றாக எல்லாம் மாறிக்கொண்டிருந்தது. வேப்பெண்ணெய் தடவி அப்போதுதான் பால் மறக்கடித்திருந்தாள். தூளியில் தூங்க மாட்டேன் என்று முரண்டு பிடித்தான். அம்மாவின் வயிற்றில் பாப்பா இருக்கிறது என்று சொன்னால் வயிற்றைத் தட்டிவிட்டு ஓடுவான். எல்லாவற்றுக்கும் மேல், முக்காலியை இழுத்துப் போட்டு ஏறித் தாழ்ப்பாளைத் திறக்கக் கற்றிருந்தான்.

படகு ஆறு மணிக்குக் கிளம்பியது. ரங்கத்துக்குக் கடல்வழி ஐம்பது மைலுக்குச் சற்றே அதிகம். டெக்கில் நாற்பது பேரும், ஆடுகளும், சிமெண்ட் மூட்டைகளும் இருந்தன. முதல் ஒரு மணி நேரத்தில் சேவி ஒரு ஆட்டின் வாயில் கையை விட்டான். ஒரு வங்காளப் பெரியவரின் குடையை விரித்தான். என் இடது செருப்பைக் கடலில் போட்டான். படகை ஓட்டிய சாரங்கு மேலிருந்து எட்டிப் பார்த்து, "பாபு, பச்சே கோ பாந்தோ! கிரா தோ மே போட் நஹி ரோக்கேகா" என்றார். பிள்ளையைக் கட்டிப் போடு, விழுந்தால் என்னால் படகை நிறுத்த முடியாது என்று அர்த்தம். புஷ்பத்தின் பழைய சேலைத் துண்டால் அவன் இடுப்பைத் தூணோடு கட்டினேன். பத்து நிமிடத்தில் முடிச்சை அவிழ்த்தான்.

வழியில் லாங் ஐலண்டில் ஒரு மணி நேரம் நின்றோம். பகல் மூன்று மணிக்குப் படகு காடிக்குள் நுழைந்தது. கடல்நீர் நிலத்துக்குள் வளைந்து வளைந்து ஏறி இறங்கும் ஓடையை அந்தமானில் எல்லா மொழிக்காரர்களும் 'காடி' என்றுதான் சொல்வார்கள். இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு. மரங்கள் சேற்றுக்கு மேலே வேர்களின்மீது எழும்பி நிற்கின்றன. கரை என்று எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. வேர்களுக்கு இடையில் ஒரு இருட்டு உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. காற்று சட்டென்று நின்றது. சாரங்கு ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன் அடித்தார். அந்தச் சத்தம் எதிலும் பட்டுத் திரும்பி வரவில்லை. பஞ்சில் விழுந்ததுபோல் அடங்கியது.

விடிந்ததிலிருந்து வாய் ஓயாத சேவி, காடிக்குள் நுழைந்ததும் பேச்சை நிறுத்தினான். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு வேர்களைப் பார்த்தபடி நின்றான். புஷ்பம் அவன் நெற்றியில் சிலுவை போட்டாள்.

ரங்கத் பஜார், ஜெட்டியிலிருந்து ஐந்து மைல் உள்ளே. ஆனால் வயர்லெஸ் நிலையமும் அதன் குவார்ட்டர்ஸும் ஜெட்டிக்கு அருகிலேயே, காடிக் கரையில் இருந்தன. வீடு மரக்கால்கள்மேல் நின்றது. பலகைச் சுவர், தகரக் கூரை, இரண்டு அறை. பின்வாசலில் ஐந்து படி. அதற்கப்பால் மூங்கில் வேலி, ஒரு சின்னக் கேட், மண்கரை, பிறகு காடி.

நாங்கள் போனபோது வீடு பெருக்கித் துடைத்திருந்தது. குடங்களில் தண்ணீர் நிறைந்திருந்தது. பின்படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளைச் சேலை, மெலிந்த கைகளில் சங்கு வளையல். யாரிடமும் வேலைக்கு ஆள் வேண்டும் என்று நாங்கள் சொல்லி அனுப்பவில்லை.

"இந்த வீட்டுக்கு யார் வந்தாலும் நான்தான் வேலை செய்வேன், பாபு" என்றாள் ஹிந்தியில்.

பேசிக்கொண்டே அவள் கண் என் தோளுக்குப் போனது. பிறகு குந்தி உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டி, "கோக்கோன்" என்றாள்.

சேவி புது ஆளிடம் போகிற பிள்ளை இல்லை. பெரியம்மாவிடமே மூன்று மாதம் கழித்துத்தான் போனான். அவன் என் தோளிலிருந்து வழுக்கி இறங்கி நேராக அவளிடம் நடந்தான்.

வங்காளிகள் சின்னப் பையன்களை எல்லாம் கோக்கோன் என்று செல்லமாக அழைப்பதுண்டு. எனக்கு அது தெரியும். அவளை ஜெட்டியில் எல்லோரும் 'கோக்கோன் மா' என்றார்கள். கோக்கோனின் அம்மா. வளர்ந்த மகன் எங்கோ படிக்கிறான்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம்.

முதல் மூன்று வாரம் அவளால் எங்களுக்கு நிம்மதி. நான் காலை ஏழு, பகல் பதினொன்று, மூன்று என்று மூன்று வேளை நிலையத்தில் இருக்க வேண்டும். காலையில் வந்து தண்ணீர் எடுத்து வைத்துவிட்டுப் போவாள். பிற்பகல் மூன்றரைக்குக் கரைப் பாதை வழியாகப் பின்கேட்டைத் திறந்துகொண்டு மறுபடி வருவாள். வந்த இரண்டாம் நாளே ஒரு சிகரெட் டின்னில் கூழாங்கல் போட்டு மூடி, சேவியின் அரைஞாணில் கட்டினாள். நடந்தால் கலகலவென்று சத்தம் கேட்கும். காடிக் கரையில் நடக்கத் தெரிந்த பிள்ளைகள் எல்லார் இடுப்பிலும் அப்படி ஒரு டின் தொங்கியது. "பானி மே மகர் ஹை, பௌதி" என்றாள் புஷ்பத்திடம். பௌதி என்றால் அண்ணி. மகர் என்றால் முதலை என்று நான்தான் சொன்னேன். புஷ்பம் அன்று முழுவதும் பின்வாசலைத் திறக்கவில்லை.

ரங்கத்தில் மீன் மலிவு. கொடுவா கிலோ ஒரு ரூபாய்க்குக் கிடைத்தது. காய்கறிதான் கிடைக்காது. காலையில் தூரத்துக் காட்டில் யானைகள் மரம் இழுக்கும் சங்கிலிச் சத்தம் கேட்கும். மற்ற நேரமெல்லாம் தண்ணீர் ஏறும் சத்தம், வடியும் சத்தம். வடியும்போது சேறு முழுக்கச் சின்னச் சின்ன வாய்கள் திறப்பதுபோல் டப் டப் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். நண்டு வளைகள்தாம் அவை. ஆனாலும் முதுகுப்புறம் கேட்டால் திரும்பிப் பார்க்க வைக்கும்.

கோக்கோன் மா சேவிக்கு ஒரு விளையாட்டுக் கற்றுக்கொடுத்தாள். அவன் ஒளிந்துகொள்வான். அவள் மெதுவாக, "கோக்கோன்?" என்பாள். அவன் ஒளிந்த இடத்திலிருந்து, "ஜாயீ..." என்று இழுத்துப் பதில் சொல்வான். கூப்பிட்டால், 'இதோ வருகிறேன்' என்பதற்கு வங்காளிகள் சொல்லும் சொல் 'ஜாய்'. அவன் அதைச் சொல்லும்போது குரலே வேறு மாதிரி, மெல்லியதாக, நீளமாக இருக்கும்.

நான்காம் வாரம் புஷ்பம் என்னிடம் சொன்னாள்: "என்னங்க, சேவின்னு கூப்பிட்டா இவன் திரும்பவே மாட்டேங்கான்."

"விளையாடுறான்."

"விளையாட்டு இல்ல. காதுலயே விழாத மாரி நிக்கான். நீங்க கூப்பிட்டுப் பாருங்க."

பின்வேலியில் இரண்டு கைகளையும் கோத்தபடி காடியைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். "சேவி" என்றேன். இன்னும் சத்தமாகச் சொன்னேன். தலை அசையவில்லை. மற்றப் பெயரைச் சொல்லிப் பார்க்க எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை கோக்கோன் மாவோடு கரையில் உலாவிவிட்டுத் திரும்பிய சேவி வேறு சட்டை போட்டிருந்தான். நீலக் கோடு போட்ட சின்னச் சட்டை. அளவு அவனுக்கென்றே தைத்ததுபோல் இருந்தது. துணி பழையது, மடிப்புகளில் மஞ்சள் ஓடியிருந்தது. பெட்டிக்குள் வெகுநாள் கிடந்த கற்பூர வாசனை.

"யார் சட்டை இது?" என்று புஷ்பம் கேட்டாள்.

"கோக்கோன் கா" என்றாள் அவள். கோக்கோனுடையது.

"கோக்கோன் எங்க இருக்கான்?"

அவள் தாடையால் காடியைக் காட்டினாள். "உதர்" என்றாள். அங்கே. பக்கத்து வீட்டில் விளையாடப் போயிருக்கிறான் என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்.

புஷ்பம் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தாள். வேகமாக இழுத்ததில் ஒரு பொத்தான் தெறித்தது. தரையெல்லாம் தேடி எடுத்து அதையும் தைத்து வைத்தாள்.

திங்கட்கிழமை பஜாருக்குப் போனேன். ராமநாதபுரத்துக்காரரான முத்தையா என்பவர் அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். ரங்கத்துக்கு முதலில் வந்தவர்களில் ஒருவர். அவரிடம் கேட்டேன்.

"அப்ப குவார்ட்டர்ஸ் எல்லாம் கிடையாது தம்பி" என்றார். "கிழக்கு பாகிஸ்தான்ல இருந்து வந்த சனங்களக் கொண்டாந்து காடிக் கரையில எறக்கி விட்டாக. நெலம் அளந்து குடுக்குற வரைக்கும் நீளமா ஓலைக் கொட்டகை. நீங்க இருக்க வீடு அந்தக் கொட்டகை நின்ன எடம். இவளுக்கு ரெண்டு வயசுல ஒரே பையன். சோறு வடிச்சுக்கிட்டு இருந்தவ திரும்பிப் பாக்குறா, காணோம். முதலைன்னு சிலபேரு, தண்ணி இழுத்துருச்சுன்னு சிலபேரு. ஒண்ணுமே கெடைக்கல. எட்டு வருசமாச்சு."

"அவங்க புருஷன்?"

"காட்டு வேலைக்குப் போயிட்டான். மாசத்துல ஒரு நாள் வருவான். அவ வேற எந்த வீட்டுக்கும் வேலைக்குப் போக மாட்டா, உங்க வீடு மட்டுந்தான். அப்பல்லாம் விடிஞ்சதுலருந்து பொழுது சாயுற வரைக்கும் பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே கரையில நடப்பா தம்பி. கேக்குற நமக்குத் தொண்டை கட்டிக்கும். ஒரு நாள் நிறுத்துனா. அதுக்கப்புறம் அந்தப் பேர அவ வாயால சொல்லி நான் கேட்டதே இல்ல."

"இப்ப சொல்றாங்க" என்றேன். "என் பையனைச் சொல்றாங்க."

பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசைக் கீழே வைத்தார்.

செவ்வாய்க்கிழமை புஷ்பமே அவளிடம் பேசினாள். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. மடித்த சட்டையைக் கையில் கொடுத்து, தனக்குத் தெரிந்த ஹிந்தியில், "கல் சே மத் ஆனா" என்றாள். நாளையிலிருந்து வராதே. கோபமாகத்தான் சொல்ல நினைத்திருந்தாள். சொல்லும்போது அழுதுவிட்டாள்.

கோக்கோன் மா ஏன் என்று கேட்கவில்லை. சட்டையை வாங்கி மடியில் செருகிக்கொண்டாள். படியிறங்கும்போது ஒன்றே ஒன்று சொன்னாள். வெள்ளிக்கிழமை அமாவாசை; சனிக்கிழமை தண்ணீர் பெரிதாக வரும்; கேட்டைக் கட்டி வை, பௌதி.

கேட்டைக் கம்பி போட்டு நான்தான் கட்டினேன். சேவி தினமும் மூன்றரை மணிக்கு அந்தக் கேட்டண்டை போய் நின்றான். அழவில்லை. கம்பியை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை மதியம் அந்த வருடத்தின் முதல் மழை பெய்து ஓய்ந்தது. வெக்கை தணிந்ததில் புஷ்பம் கொஞ்சம் கண்ணயர்ந்தாள். நான் மூன்று மணி வேலையில், காதில் ஹெட்போனோடு போர்ட் பிளேரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்று ஐம்பதுக்கு யாரோ என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். புஷ்பம். முடி அவிழ்ந்து, செருப்பில்லாமல், சேறு முழங்கால் வரை.

"புள்ளையக் காணோம்."

பின்வாசலில் முக்காலி கிடந்தது. கதவு திறந்திருந்தது. கேட்டின் கம்பி ஒழுங்காகச் சுற்றியெடுத்துக் கீழே வைக்கப்பட்டிருந்தது. கடைசிப் படியில் கூழாங்கல் டின், அறுந்த கயிறோடு. அதைக் கையில் எடுத்தபோது அது கலகலத்தது. அந்தச் சத்தத்தை என்னால் இன்றைக்கும் சொல்லில் எழுத முடியவில்லை.

காடி முழுக்க வடிந்து கிடந்தது. கரைக்குக் கீழே ஐம்பது கஜம் வெறும் சேறு. மழையில் குழைந்து கிடந்த சேற்றில் எந்தத் தடமும் நிற்கவில்லை. ஜெட்டியிலிருந்து இருபது பேர் ஓடி வந்தார்கள். தெலுங்கர்கள், மலையாளிகள், ராஞ்சிக்காரர்கள், அன்று சரக்கு எடுக்க ஜெட்டிக்கு வந்திருந்த முத்தையா அண்ணன். டின் தட்டினார்கள். "சேவி! சேவி!" என்று இருபது வாயும் கூப்பிட்டன. கூப்பிட்டுவிட்டு நிறுத்திக் காது கொடுப்பார்கள். நண்டுகளின் டப் டப் மட்டும் கேட்கும்.

நான்கரைக்கு மேல் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. அலை எதுவும் இல்லை. முதலில் வேர்களுக்கு நடுவில் ஈரம் மின்னியது. பிறகு பார்த்தபோது சேற்றின் ஒரு துண்டைக் காணவில்லை. இன்னொரு தடவை பார்த்தபோது இன்னொரு துண்டு. ஐந்து மணி தாண்டியது. அந்தமானில் மே மாதத்தில்கூட ஐந்தரை மணிக்குச் சூரியன் போய்விடும்.

கோக்கோன் மா எப்போது வந்தாள் என்று எனக்குத் தெரியாது. கரையில் புஷ்பத்துக்குப் பக்கத்தில் நின்றாள். எல்லோரும் கத்திக்கொண்டிருக்க அவள் மட்டும் முந்தானையால் வாயை அழுத்திப் பிடித்திருந்தாள்.

"நீ எடுத்துட்டுப் போனியா? எங்க வச்சிருக்க?" என்று தமிழில் கத்திய புஷ்பம் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அவள் தலையை ஆட்டினாள். பிறகு வாயிலிருந்து துணியை எடுத்தாள்.

"அவனுக்கு அந்தப் பேர் கேட்காது, பௌதி. மற்றப் பேரைச் சொல்லிக் கூப்பிடு."

புஷ்பம் அவளையே பார்த்தாள்.

"நீயே கூப்பிடேன்! உனக்குத்தானே வருவான்!"

"நான் மாட்டேன்" என்றாள். ஹிந்தியும் வங்காளமும் கலந்து தட்டுத் தடுமாறிச் சொன்னாள். "இங்கே நின்று நான் கூப்பிட்டால் யாரும் வர மாட்டார்கள். நீ கூப்பிடு."

நான் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தச் சொன்னேன். டின் சத்தம் நின்றது. என் மனைவி வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, காடியைப் பார்த்து, தான் பெற்ற பிள்ளையை இன்னொருத்தியின் பிள்ளை பெயரால் கூப்பிட்டாள்.

"கோக்கோன்!"

ஒன்றும் இல்லை. தண்ணீர் மட்டும் ஏறியது.

"கோக்கோ...ன்!"

"ஜாயீ..."

இடது பக்கத்திலிருந்து, கிட்டத்தில், மெல்லியதாக, நீளமாக வந்தது. நான் இறங்கி ஓடினேன். இரண்டடி வைப்பதற்குள் மறுபடியும் கேட்டது.

"ஜாயீ..."

இந்தத் தடவை வலது பக்கம், காடியின் பெரிய வளைவில், வெகு தூரத்திலிருந்து வந்தது.

நான் நின்றுவிட்டேன். எல்லோருமே அந்தப் பக்கம் திரும்பினார்கள். "எடப்பக்கம் போங்க!" என்று புஷ்பம் அலறினாள். "நம்ம புள்ள எடப்பக்கம்!"

இடது பக்கம் வேர்களுக்குள், கைவிடப்பட்ட ஒரு பழைய சிறுபடகு கவிழ்ந்து கிடந்தது. அதன் அடியில் ஒளிந்து உட்கார்ந்திருந்தான். தண்ணீர் அவன் நெஞ்சுக்கு வந்திருந்தது. கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதுபோல் சிரித்தான். தூக்கியபோது உடம்பு மீன்போல் சில்லிட்டிருந்தது. கரைக்கு வந்ததும் புஷ்பம் அவனைப் பிடுங்கி, முதுகில் ஒரு அடி வைத்து, அப்படியே மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். முத்தையா அண்ணன் துண்டால் துடைத்தார். ராஞ்சிக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே அழுதார்.

கோக்கோன் மா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. பெரிய வளைவைப் பார்த்தபடி நின்றாள். இருட்டும்வரை நின்றாள்.

எதிரொலி என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். ஒலி என் தொழில், சொன்னால் நம்புவார்கள். மறுநாள் ஐந்தரை மணிக்கு, அதே அளவுத் தண்ணீரில், அதே இடத்தில் நின்று நான் கத்திப் பார்த்தேன். பலவிதமாகக் கத்தினேன். என் குரல் திரும்பி வரவில்லை. முந்தைய நாள் காற்று வேறு மாதிரி இருந்திருக்கலாம். மழைக்குப் பின் ஈரக்காற்றில் ஒலி வேறு விதமாகப் போகும். இருபது பேர் கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

இரண்டு நாள் கழித்துப் புஷ்பம் கோக்கோன் மாவின் வீட்டைத் தேடிப் போனாள். நானும் போனேன். நெல்வயல் ஓரத்தில் மண் வீடு. மறுபடி வேலைக்கு வரச் சொல்லிப் புஷ்பம் அவள் கையைப் பிடித்தாள்.

"அந்த வீட்டில் எனக்கு வேலை இல்லை, பௌதி" என்றாள் அவள். அன்பாகத்தான் சொன்னாள். "எட்டு வருஷம் தப்பான இடத்தில் காத்திருந்தேன்."

பிறகு என்னிடம் திரும்பி, அந்த இரண்டாவது குரல் எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கும் என்று கேட்டாள். வயர்லெஸ் பாபுவுக்குத் தெரியும் இல்லையா என்றாள். எதிரொலி என்று தொடங்கினேன். அவள் பொறுமையாகத் தலையாட்டினாள்.

"நானும் கூப்பிட்டேன், பாபு. எத்தனையோ நாள். எனக்கு ஒரு எதிரொலிகூட வரவில்லை."

அரை மைல் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது என்று வழியெல்லாம் புஷ்பம் திட்டினாள். திட்டிக்கொண்டே இருந்தவள் பாதி வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜூன் நடுவில் லீவில் போன ஆபரேட்டர் திரும்பினார். ஒரு வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குப் படகு. மழை பிடித்துக்கொண்டிருந்தது. புஷ்பத்துக்கு ஏழாம் மாதம். அவளை மூட்டைகளுக்கு நடுவில் ஜமுக்காளம் விரித்து உட்கார வைத்தேன். சேவி என் தோளில். அதற்குள் அவன் தன் பெயருக்குத் திரும்ப ஆரம்பித்திருந்தான். நாங்கள் நாள் முழுக்க அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தோம்.

ஜெட்டியிலிருந்து அரை மைலில், காடியின் பெரிய வளைவில் படகு வேகம் குறைத்தது. கரை மேட்டில் ஒரு மூங்கில் குடிலும், பனையோலைக் குடைக்கு அடியில் வெள்ளைச் சேலையும் தெரிந்தன. தண்ணீரைப் பார்க்காமல், உள்ளே வேர்களின் பக்கம் முகம் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

சேவி பார்த்துவிட்டான். "மாசீ! மாசீ!" என்று குதித்தான். அவளைச் சித்தி என்று அப்படித்தான் கூப்பிடுவான். இரண்டு கைகளையும் ஆட்டினான். புஷ்பம் எழுந்து நின்று தானும் கை காட்டினாள்.

கோக்கோன் மா தலையை மட்டும் எங்கள் பக்கம் திருப்பினாள். முகத்தில் வருத்தம் இல்லை. உள்ளங்கையை மெல்ல உயர்த்தி, கொஞ்சம் சத்தம் போடாமல் இருங்கள் என்று சைகை செய்தாள். பிறகு மறுபடி காட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாரங்கு அந்த வளைவில் ஹார்ன் அடிக்கவில்லை.

போர்ட் பிளேரில் எங்களுக்கு டெய்ரி ஃபார்ம் பக்கத்தில் வீடு கிடைத்தது. ஆகஸ்டில் மகள் பிறந்தாள். அங்கே காடி இல்லை, வேர்கள் இல்லை. காலையில் பால்காரன் சத்தம், எந்நேரமும் பக்கத்து வீட்டு ரேடியோ. பிள்ளைகள் தெருவில் விளையாடுவார்கள். சாயங்காலம் ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஒரு அம்மா உரக்கப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். என் மனைவி மட்டும் கூப்பிட மாட்டாள். கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டுத் தெருக்கோடி வரை நடந்து போய், பிள்ளையின் தோளைத் தொட்டு அழைத்து வருவாள். மழையானாலும் அப்படித்தான். ஏன் என்று தெருவில் யாராவது கேட்டால், நடந்தால் உடம்புக்கு நல்லது என்று சொல்லிக்கொள்வாள்.